ஆயிரம் லிட்டர் யார் போட்ட கணக்கு?

வாசகர் கேள்வி:

காங்கேயத்தை அடுத்த கிராமத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 28,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். அதை விட்டுவிட்டு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 12 லட்சம் ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்குக் கடன் வாங்கி இரண்டு செக்கு போட்டேன். 31 தவணைகள் கட்டியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் மாதம் 1,000 லிட்டரைத் தொட வேண்டும் என்பது இலக்கு. ஆனால் 420 லிட்டரிலேயே நிற்கிறேன். தவணை போக ஏழாயிரம் ரூபாய்தான் கையில் மிஞ்சுகிறது. "போதும், விற்றுவிட்டு வேலைக்குப் போ" என்கிறார் அண்ணன். மெயின் ரோட்டில் புதிதாக இன்னொரு செக்கும் வந்துவிட்டது. காலையில் கொட்டகையைத் திறக்கவே மனம் வரவில்லை. ஊக்கம் குறையாமல் இருக்க என்ன வழி? கணக்கு நோட்டின் பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் ஊக்கத்துக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் உங்கள் நோட்டைத்தான் படித்தேன். ஈரோட்டில் ஆடிட்டராக இருப்பவனுக்கு அதுதான் பழக்கம். படித்து முடித்தபோது எனக்கு உங்கள் மீது மிகுந்த மரியாதை ஏற்பட்டது. கூடவே கொஞ்சம் வருத்தமும். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுகிற ஒருவர், அந்தக் கணக்கு தனக்கு ஆதரவாகச் சொல்லும் செய்திகளைப் படிக்காமல் விட்டிருக்கிறாரே என்பதுதான் வருத்தம்.

முதலில் அந்த ஆயிரம் லிட்டரைப் பார்ப்போம். இந்த எண் எங்கிருந்து வந்தது? உங்கள் ஊரில் எத்தனை வீடுகள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு எண்ணெய் என்று விசாரித்து நீங்கள் எழுதியதா? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் இரண்டாம் ஆண்டுக்குப் போட்டிருந்த அளவு அது. திட்ட அறிக்கைகள் எப்படித் தயாராகின்றன என்பதைத் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இயந்திரத்தின் முழுத் திறனை எடுத்துக்கொண்டு, முதல் ஆண்டு அதில் 60 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்து 80 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். தவணையையும் வட்டியையும் கட்டிய பிறகும் பணம் மிஞ்சும் என்று வங்கிக்குக் காட்ட வேண்டும், அதற்கான எண் அது. செக்கு எவ்வளவு ஆட்டும் என்பதை அது சொல்லும். உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்பதை அது சொல்லவே சொல்லாது. அந்தக் காகிதத்தின் வேலை கடன் கிடைத்த அன்றே முடிந்துவிட்டது. அதை வைத்துத்தான் 31 மாதங்களாக உங்களை நீங்களே தோற்றவர் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, அப்படியானால் உங்களுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? அதற்கு முன்பு இன்றைய 420 லிட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு நேரடியாக விற்பது 260 லிட்டர். திருப்பூரிலும் கோவையிலும் உள்ள கடைகளுக்குப் போவது 160 லிட்டர். நீங்கள் ஆட்டும் மூன்று எண்ணெய்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், மூலப்பொருள், கரண்டு, பாட்டில், ஆள்கூலி எல்லாம் போக வீட்டு விற்பனையில் லிட்டருக்கு 70 ரூபாய் நிற்கிறது. கடை விற்பனையில் 28 ரூபாய். ஆக வீடுகள் மாதம் 18,200 ரூபாய் தருகின்றன, கடைகள் 4,480 தருகின்றன.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வாருங்கள். சிவப்பு மையில் 'பாக்கி' என்று எழுதி, ஒவ்வொரு கடைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். கூட்டினால் 1,85,000 ரூபாய். மாதம் சுமார் 43,000 ரூபாய்க்குச் சரக்கு கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் நான்கு மாதத்துக்கும் மேற்பட்ட பணம் அந்தக் கடைகளிடம் நிற்கிறது. கொள்முதல் பக்கத்தில் என்ன நடக்கிறது? நிலக்கடலைப் பருப்பை மண்டியிலிருந்து வாரம் இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று வாங்குகிறீர்கள். ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசியில் வரும்போதும், மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் வரும்போதும் மொத்தமாக எடுத்தால் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு என்று ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். பக்கத்தில் பென்சிலால் 'பணம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு போகிறது. மாதம் 220 லிட்டருக்கு ஐந்நூறு கிலோ. எட்டு ரூபாய் வீதம் 4,000 ரூபாய்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைகள் மூலம் மாதம் 4,480 ரூபாய் வருகிறது. அந்தக் கடைகளில் பணம் முடங்கியதால் கடலை வாங்குவதில் 4,000 ரூபாய் போகிறது. முடங்கிய பணத்துக்கு வட்டி போட்டால் மிச்சமும் கரைந்துவிடும். சென்ற ஆண்டு 330 லிட்டராக இருந்தது இந்த ஆண்டு 420 ஆனதற்குக் கடைகள்தான் காரணம் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வளர்ச்சி உங்களுக்கு ஒன்றும் தரவில்லை. ஆட்டியது நீங்கள், பாட்டிலில் ஊற்றியது நீங்கள், ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நீங்கள். அத்தனை உழைப்புக்கும் கையில் ஒன்றும் நிற்காவிட்டால் காலையில் எழ மனம் எப்படி வரும்? உங்கள் சோர்வை நான் மனபலவீனமாகப் பார்க்கவில்லை. கணக்கில் உள்ள ஓட்டையை உங்கள் உடம்பு உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

இப்போது நீங்கள் பார்க்காமல் விட்ட பக்கம். முதல் ஆண்டு விற்பனையில் பெரும்பகுதி சொந்தக்காரர்களும் பழைய அலுவலகத் தோழிகளும் வாங்கியது. ஒருமுறை வாங்கிவிட்டுப் பிறகு வராதவர்கள் அதில் பலர். அந்த ஆண்டின் முடிவில் தவறாமல் மாதாமாதம் வாங்கிய வீடுகளை உங்கள் நோட்டிலிருந்து எண்ணினேன்: 31. இப்போது 94. இந்த எண்ணை நீங்கள் எங்குமே எழுதி வைக்கவில்லை. லிட்டரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மார்ச் மாதப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'வாய்க்கால்மேடு வீடு, கசண்டு நின்றது என்றார்கள், மாற்றிக் கொடுத்தேன்.' அதே வீட்டுப் பெயர் ஏப்ரலில் இரண்டு லிட்டராகவும், ஜூனில் நல்லெண்ணெயும் சேர்த்து மூன்று லிட்டராகவும், ஆகஸ்டில் 'அவர்கள் சம்பந்தி வீட்டுக்கும்' என்றும் வளர்ந்திருக்கிறது. விளம்பரத்துக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை. வெயிலில் இரண்டு நாள் கூடுதலாகத் தெளிய வைக்காத ஒரு பாட்டிலை முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். தொழில் நகர்கிறதா என்று கேட்டால் நான் காட்டும் சான்று இதுதான்.

வங்கி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். முதல் தவணை 15,650 ரூபாயில் வட்டிக்கு 6,600 போயிற்று. சென்ற மாதத் தவணையில் வட்டி 3,900 ரூபாய்க்கும் குறைவு. மீதி சுமார் 11,800 ரூபாய் அசலில் கழிந்திருக்கிறது. நீங்கள் மாதம் ஏழாயிரம் சம்பாதிப்பதாக நினைக்கிறீர்கள். அசலாகக் கட்டும் பணமும் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து போவதுதான்; அது உங்கள் செக்காகவும் கொட்டகையாகவும் உங்களிடமே சேர்கிறது. இரண்டையும் சேர்த்தால் 19,000 ரூபாயை ஒட்டி வருகிறது. பழைய சம்பளத்தைவிட இது குறைவுதான், அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் ஏழாயிரம் என்று நினைத்துக்கொண்டு விழிப்பதும் பத்தொன்பதாயிரம் என்று தெரிந்துகொண்டு விழிப்பதும் ஒன்றில்லை.

இனி உங்கள் உண்மையான இலக்கைப் போடலாம். வீடுகள் 94-லிருந்து 140 ஆகட்டும். இன்றைய சராசரிப்படி ஒரு வீட்டுக்கு இரண்டேமுக்கால் லிட்டர் வீதம் 385 லிட்டர், அதில் நிற்பது சுமார் 26,950 ரூபாய். சொன்ன தேதியில் பணம் தரும் கடைகளுக்கு மட்டும் 60 லிட்டர்; அதில் 1,680. கடலையைப் பருவத்தில் வாங்குவதால் 4,000. மொத்தம் 32,600 ரூபாயைத் தாண்டுகிறது. தவணை போக 17,000 கையில் நிற்கும். இன்னும் 29 தவணைகளில் கடன் தீர்ந்தால் முழுத் தொகையும் உங்களுக்கு. நீங்கள் விட்டு வந்த சம்பளத்தைவிட அது அதிகம். இதற்கு நீங்கள் ஆட்ட வேண்டியது 445 லிட்டர். இன்று ஆட்டுவதைவிட 25 லிட்டர் கூடுதல், அவ்வளவே. ஆயிரம் லிட்டர் உங்களுக்குத் தேவையே இல்லை.

46 வீடுகள் எப்போது சேரும் என்று கேட்பீர்கள். முதல் ஆண்டுக்குப் பிறகான 19 மாதங்களில் 63 வீடுகள் சேர்ந்திருக்கின்றன. இதே நடையில் போனாலும் பதினான்கு மாதங்களில் 140 வந்துவிடும். மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு வீடு. இது கண்ணுக்குத் தெரியும் அளவு. கொட்டகைச் சுவரில் கரியால்கூட எழுதி வைக்கலாம். இந்த மாதம் எந்த மூன்று வீடு என்று யோசித்துக்கொண்டு எழுந்தால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். இன்னும் 580 லிட்டர் பாக்கி என்று யோசித்துக்கொண்டு எழுந்தால் எதைச் செய்வது?

ஒப்பிடும் முறையையும் மாற்றுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் பலகாரத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் எல்லா வீட்டிலும் வாங்கி வைப்பார்கள். அடுத்த மாதம் பாட்டில் தீராமல் இருக்கும், விற்பனை விழத்தான் செய்யும். அந்த இரண்டு மாதங்களை அடுத்தடுத்து வைத்து 'விழுந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் அது 70 லிட்டர் ஏற்றம். எண்ணெய், துணி, பட்டாசு, இனிப்பு என்று பண்டிகையை ஒட்டிய எந்தத் தொழிலிலும் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடவே கூடாது.

கடைப் பாக்கியை வசூலிப்பதுதான் இந்த மாதத்தின் முதல் வேலை. முதலில் உங்கள் உத்யம் பதிவுச் சான்றிதழை (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) எடுத்து, தொழில் வகை 'உற்பத்தி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டியாகச் சேரும். 2023 நிதிச் சட்டம் இன்னொன்றையும் சேர்த்தது: உங்களைப் போன்ற குறுந்தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆடிட்டர் வைத்துக் கணக்கு முடிக்கும் பெரிய கடைகளுக்கு இது நன்றாகவே தெரியும். சண்டை வேண்டாம். பில்லில் பதிவு எண்ணோடு 'பணம் செலுத்த வேண்டிய தேதி' என்று ஒரு வரி இருந்தால் போதும். பல கடைகள் மார்ச்சுக்கு முன்னால் தாமாகவே கூப்பிடும். தராத இரண்டு கடைகளுக்கு இன்றே சரக்கை நிறுத்துங்கள். அப்படியும் அசையாவிட்டால், தாமதமாகும் பணத்துக்கென்று அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் பதியலாம். ஆனால் அது உறவை முறிக்கும் படி, கடைசியாக ஏறுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதைச் செய்தால் முதல் சில மாதங்களில் உங்கள் விற்பனை 420-லிருந்து 340, 350 என்று இறங்கும். நோட்டில் அதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். அண்ணனும் கேட்பார். அப்போது பாக்கிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அந்தச் சிவப்பு எண் இறங்குவதும் கடலை மூட்டை ஏறுவதும்தான் இப்போது வளர்ச்சி.

ஈரோட்டில் நாங்கள் பார்த்து வளர்ந்த சக்தி மசாலா 1975-இல் ஆரம்பித்தபோது மஞ்சள் வியாபாரம்தான். மசாலாப் பொடிகள் பிறகு வந்தவை. தொடங்கும்போது எழுதிய திட்டத்தை விற்பனையைப் பார்த்துத் திருத்திக்கொள்வது பெரிய தொழில்களிலும் நடப்பதுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மெயின் ரோட்டுச் செக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அவர்கள் வந்து நான்கு மாதமாகியும் உங்கள் வாடிக்கை வீடுகளில் மூன்றுதான் விலகியிருக்கின்றன. அந்த மூன்று வீட்டுக்கும் ஒருமுறை நேரில் போய் ஏன் என்று கேளுங்கள். விலையா, மணமா, கொண்டுவந்து தரும் நேரமா என்று தெரிந்துகொண்டால் இப்போதுள்ள 94 வீட்டுக்கும் பயன்படும்.

அண்ணன் சொல்வதைக் கோபமின்றி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை படும் பாட்டைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்குமா என்பது கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு இந்தத் திட்டத்தில் மானியம் 35 சதவீதம். உங்கள் 12 லட்சத்துக்கு அது 4,20,000 ரூபாய். அந்தத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் உங்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் பூட்டிக் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வங்கி வட்டி போடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறது என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் அதைக் கடனில் கழிப்பார்கள். அதற்கு முன்னால் செக்கை விற்று மூடினால் மானியம் திரும்பிப் போகும். இன்று நான்கு லட்சத்துச் சொச்சமாகத் தெரியும் உங்கள் கடன் எட்டு லட்சத்தைத் தாண்டும். மூடுவதா வேண்டாமா என்பதை எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மூன்று ஆண்டு முடிய இன்னும் ஐந்து மாதமாவது இருக்கிறது; அதற்குள் மட்டும் பேசாதீர்கள்.

அதற்குப் பிறகும் தொடர்வதற்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. இன்றிலிருந்து ஓராண்டில் வீடுகள் 120-ஐத் தொடாமலும் பாக்கி 60,000-க்குக் கீழே இறங்காமலும் இருந்தால், ஒரு செக்கை விற்றுவிட்டு மற்றொன்றைப் பகுதிநேரமாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். அந்த வரம்பைத் தாளில் எழுதி அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். தினமும் காலையில் 'தொடரலாமா, விடலாமா' என்று உங்களோடு நீங்களே வழக்காடுவதுதான் பாதி உயிரை எடுக்கிறது. ஓராண்டுக்கு அந்த வழக்கை ஒத்திவையுங்கள்.

இப்போது உங்கள் உடம்பு. காலை ஆறு மணிக்குச் செக்கு, மதியம் பாட்டில், மாலை ஸ்கூட்டர், இரவு நோட்டு. விடுமுறை என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. வீட்டு விநியோகத்தை வாரத்தில் இரண்டு நாளாக்குங்கள். செவ்வாய் ஒரு பக்கத்து ஊர்கள், வெள்ளி இன்னொரு பக்கம். எண்ணெய் பால் போலக் கெடுவதில்லை, வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். ஞாயிறு செக்கு ஓட வேண்டாம். கணக்கில் 'என் சம்பளம்' என்று ஒரு வரி சேர்த்து, மாதம் ஐந்தாயிரமாவது தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அதை வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டாம். பதினொரு ஆண்டுகள் மாதக் கடைசியில் சம்பளம் பார்த்துப் பழகிய மனம் உங்களுடையது. உழைத்ததற்கு ஒரு தேதியில் ஒரு தொகை வருவதை அது தேடும். தூக்கமின்மையும், குழந்தைகளோடு பேசக்கூட விருப்பமின்மையும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைத் தொழில் பிரச்சினையாக மட்டும் நினைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று ஆண்டு முடிந்து முதல் கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு விரிவாக்கத்துக்கென்று இரண்டாம் கடன் இதே திட்டத்தில் உண்டு. தானியங்கிப் பாட்டில் இயந்திரம், மூன்றாவது செக்கு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 140 வீடு சேரும்வரை அந்தப் பேச்சுக்கே இடம் தர வேண்டாம். இருக்கும் இரண்டு செக்குகளே பாதி நேரம் சும்மா நிற்கின்றன.

அடுத்த வாரம் வங்கிக்குப் போய், மானிய வைப்புத்தொகை எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுத்தில் வாங்கி வாருங்கள். கடன் வாங்கிய தேதியும் அதுவும் பெரும்பாலும் ஒன்றாக இராது. மூன்று ஆண்டு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட மின்கட்டண ரசீதுகள், கொள்முதல், விற்பனை பில்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கொட்டகை முகப்பில் திட்டத்தின் பெயர் எழுதிய பலகை இல்லையென்றால் மாட்டிவிடுங்கள். பங்குனிக் கடலை வரத்து தொடங்குவதற்குள் பாக்கியில் ஒரு லட்சமாவது வசூலாகியிருந்தால் எனக்கு எழுதுங்கள். எத்தனை மூட்டை எடுக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று அப்போது சேர்ந்து கணக்குப் போடுவோம்.